பழைய பேப்பரிலிருந்து குளுக்கோஸ்: நொதிக்குத் துணையாக சர்ஃபாக்டன்ட் சேர்ப்பது எப்படி?

"எவ்வளவு ட்வீன் சேர்க்கணும்?" கழிவுக் காகிதத்தை நொதியால் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ட்வீன் என்பது நொதிக்குத் துணையாகச் சேர்க்கும் சர்ஃபாக்டன்ட்களில் ஒன்று. நான் பதிலுக்குக் கேட்பது, "எந்தப் பேப்பர்?" என்று. செய்தித்தாளுக்கு ஒரு பதில், ஜெராக்ஸ் பேப்பருக்கு வேறு பதில். இந்த வித்தியாசம் புரியாமல் ஆரம்பித்தால் மூன்று மாதப் புராஜெக்ட்டும் வீணாகப் போகலாம். நான் ஆரம்பித்தபோது எனக்கு அப்படித்தான் ஆனது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி சிறிய கல்லூரி ஆய்வகத்தை மனத்தில் வைத்து எழுதியது. குலுக்கும் இன்குபேட்டர், பி.எச். மீட்டர், சென்ட்ரிஃப்யூஜ், நிறமானி, தராசு, உலர்த்தும் ஓவன், சாம்பலாக்கும் உலை, ஆட்டோகிளேவ், ஒரு பழைய மிக்சி இருந்தால் போதும்.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகள் மளமளவென்று மக்கிப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைதான் இன்று டிரைக்கோடெர்மா ரீசை என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்காவின் நாட்டிக் ராணுவ ஆய்வகத்தில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரையே பிறகு அதற்கு வைத்தார்கள். அதே ஆய்வகம் 1970களில் பழைய செய்தித்தாளை அரைத்து, அந்தப் பூஞ்சையின் நொதியைக் கொண்டு குளுக்கோஸ் எடுக்க முயன்றது. ஆக, நாம் செய்யப்போகும் வேலைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல்.

பேப்பர் நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸைச் சிதைக்க, செல்லுலேஸ் என்று கடையில் வாங்குவது ஒரே நொதி இல்லை. ஒன்று செல்லுலோஸ் இழையை நடுவில் வெட்டும். இன்னொன்று இழையின் நுனியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாக, அதாவது செல்லோபயோஸாக, கழற்றிக்கொண்டே போகும். மூன்றாவதான பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்கும். முதல் இரண்டும் வேலை செய்யவேண்டுமானால் நாரின் மேல் போய் ஒட்டியாகவேண்டும்.

சிக்கலே இந்த ஒட்டுதலில்தான். செய்தித்தாள் பெரும்பாலும் மரத்தை அரைத்த கூழிலிருந்து வருவது. மரத்தின் நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கும். லிக்னின் நீரை வெறுக்கும் பரப்பு. நொதிப் புரதத்திலும் நீரை வெறுக்கும் பகுதிகள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அந்த நொதி திரும்பி வருவது கஷ்டம். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய நொதியில் ஒரு பங்கு, வெட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சர்ஃபாக்டன்ட் என்கிற பரப்புச்செயலி அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அதன் நீரை வெறுக்கும் வால் லிக்னின் மேல் படியும்; நீரை விரும்பும் தலை வெளியே நீண்டு நொதியை அண்டவிடாது. ட்வீன் 80 சேர்த்துச் செய்தித்தாளைச் சிதைத்த காஸ்டனோன், வில்க் ஆகிய இருவரின் ஆய்வு 1981லேயே வந்துவிட்டது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் எரிக்சன், போர்யேசன், செர்னெல்ட் ஆகியோர் 2002இல் நீராவியில் பதப்படுத்திய ஸ்ப்ரூஸ் மரத்தை வைத்து, லிக்னின் மேல் நொதி ஒட்டுவதைத் தடுப்பதே முக்கியக் காரணம் என்று விளக்கினார்கள்.

சர்ஃபாக்டன்ட் தானாக ஒரு இழையைக்கூட அறுக்காது, நொதி வீணாவதை மட்டுமே குறைக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நொதியை அள்ளிக் கொட்டினால் அதன் பலன் கண்ணுக்கே தெரியாது. நொதியைக் குறைத்துப் போடும்போதுதான் தெரியும்.

முதல் படி: பேப்பரைத் தெரிந்துகொள்ளுங்கள்

செய்தித்தாள் ஒன்றையும் ஏ4 தாள் ஒன்றையும் மொட்டைமாடியில் ஒரு வாரம் வெயிலில் போட்டுவையுங்கள். செய்தித்தாள் பழுப்பேறிவிடும், ஏ4 ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்தப் பழுப்புக்குக் காரணம் லிக்னின். ஒரு வாரம் காத்திருக்க முடியாதென்றால், ஃபுளோரோகுளூசினாலை ஆல்கஹாலில் கரைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஒரு சொட்டு விடுங்கள். செய்தித்தாளில் சட்டென்று செந்நிறம் ஏறும். ஏ4 தாளில் ஏறாது, ஏறினாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

ஏ4 தாள் வேதிமுறையில் லிக்னின் நீக்கி வெளுத்த கூழிலிருந்து வருவது. அதில் வேறொரு தொல்லை இருக்கிறது: வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் சேர்க்கும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள். அது தாளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இருக்கலாம்.

நான் முதன்முதலில் எடுத்தது ஏ4 தாள்தான். பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் கரைசலான பஃபரின் பி.எச். 4.8 என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். பேப்பரைப் போட்ட பிறகு பார்க்கவில்லை. 24 மணி நேரத்தில் சர்க்கரையே வரவில்லை. ட்வீன் சேர்த்த குடுவைக்கும் சேர்க்காததற்கும் வித்தியாசமும் இல்லை. "ட்வீனால் பலனில்லை" என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். குடுவையைக் கழுவும் முன் ஏதோ தோன்றி மீட்டரை உள்ளே விட்டால் பி.எச். 6.5க்கு மேல் காட்டியது. சுண்ணாம்பு பஃபரைத் தின்றுவிட்டிருந்தது. நொதி வேலை செய்யவே இல்லாத இடத்தில் நான் சர்ஃபாக்டன்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் மூன்று அளவுகளை எடுத்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஈரப்பதத்துக்கு ஒரு மாதிரியை 105 டிகிரியில் உலர்த்துங்கள். சாம்பலுக்கு 525 டிகிரியில் எரியுங்கள். அந்த வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் சிதையாமல் அப்படியே நிற்கும் என்பதால் கணக்குச் சரியாக வரும். செல்லுலோஸ், லிக்னின் இரண்டுக்கும் 72 சதவீதக் கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 4 சதவீதமாக நீர்த்து ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம். கரையாமல் நிற்பதில் சாம்பலைக் கழித்தால் லிக்னின். செய்தித்தாளில் மையின் கரியும் இதில் சேர்ந்துகொள்ளும். கரைசலில் உள்ள குளுக்கோஸை 0.9ஆல் பெருக்கினால் செல்லுலோஸ். ஏ4 தாளில் ஸ்டார்ச் பூச்சு இருந்தால் அதுவும் குளுக்கோஸாகத்தான் எண்ணப்படும்.

இரண்டாம் படி: கூழாக்குதல்

பேப்பரை இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் ஒரு பங்கு பேப்பருக்கு இருபது பங்கு தண்ணீர் என்ற கணக்கில் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். எழுத்து எதுவும் தெரியாமல், தண்ணீரில் விட்டால் பஞ்சு பஞ்சாகப் பிரியவேண்டும். கட்டி இருந்தால் இன்னும் ஓட்டவேண்டும். இந்த மிக்சி திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது.

இப்போது சுண்ணாம்பு. கூழைக் கலக்கிக்கொண்டே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நுரைத்துக் குமிழி வரும். அது கார்பன் டை ஆக்சைடு. 1 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சுமார் 0.73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. குமிழி நின்று, அரை மணி கழித்தும் பி.எச். 4க்கும் 5க்கும் நடுவில் நிலைத்தால் முடிந்தது. கந்தக அமிலம் வேண்டாம். அது ஜிப்சமாகி நாருக்குள்ளேயே தங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வரும் கால்சியம் குளோரைடு கழுவினால் போய்விடும். செய்தித்தாளிலும் இந்தச் சுண்ணாம்புத் தூள் இருக்கலாம். அதனால் குமிழி வருகிறதா என்று அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு நைலான் துணியில் கொட்டி நான்கைந்து முறை அலசுங்கள். மை கலந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். கழுவும் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை விடாதீர்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: துணி வழியே பொடி நாரும் சேர்ந்து ஓடிவிடும், அதனால் கழுவிய பிறகுதான் செல்லுலோஸ், லிக்னின், சாம்பல் மூன்றையும் கடைசியாக அளக்கவேண்டும். அந்த எண்தான் கணக்குக்கு.

கழுவிய கூழைப் பிழிந்து, ஈரத்தோடு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஓவனில் உலர்த்தாதீர்கள். நார் காயும்போது அதன் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. நொதி நுழைய வழி குறைந்துவிடும்.

மூன்றாம் படி: எந்தச் சர்ஃபாக்டன்ட்?

மின்சுமை இல்லாத வகை மட்டும். ட்வீன் 80, ட்வீன் 20 இரண்டும் நல்ல தேர்வு. பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) 4000 அல்லது 6000 முழு அர்த்தத்தில் சர்ஃபாக்டன்ட் இல்லை. ஆனால் லிக்னின் மேல் படிந்து அதே பாதுகாப்பைத் தரும். செதிலாக வருவதால் எடைபோடவும் எளிது. டிரைட்டான் எக்ஸ்-100 வேலை செய்யும். ஆனால் சுற்றுச்சூழலில் அது சிதைந்து உருவாகும் பொருள் உயிரினங்களின் ஹார்மோனைக் குழப்பும் என்பதால் ஐரோப்பாவில் அதன்மேல் கட்டுப்பாடு இருக்கிறது. நானும் அதை விட்டுவிட்டேன்.

எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) என்ற எதிர்மின்சுமை வகை வேண்டாம். அது நொதிப் புரதத்தின் மடிப்பையே குலைத்துவிடும். துணி சோப்புத்தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றிலும் முக்கியமாக இருப்பது எதிர்மின்சுமை வகைதான். சோப்புத்தூளில் காரமும் சில சமயம் புரதத்தை வெட்டும் நொதியும் சேர்ந்திருக்கும். போடவே கூடாது.

ட்வீன் 80 விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். பைப்பெட்டில் உறிஞ்சினால் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பீக்கரைத் தராசில் வைத்து 10 கிராம் எடைபோட்டு, வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கலக்கி 100 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். வேகமாகக் கலக்கினால் நுரைதான் மிஞ்சும். காற்றுபட்டால் இதில் பெராக்சைடு உருவாகும் என்பதால் சிறிய அளவில் புதிதாகத் தயாரிப்பது நல்லது.

நான்காம் படி: குடுவையில் சேர்ப்பது

அளவை எப்போதும் பேப்பரின் உலர் எடைக்குச் சொல்லுங்கள், தண்ணீரின் கனஅளவுக்கு இல்லை. சர்ஃபாக்டன்ட் மூடவேண்டியது பேப்பரின் பரப்பை. இரண்டு மடங்கு பேப்பர் போட்டுவிட்டு "0.1 சதவீதம்" என்று அதே அளவை வைத்திருந்தால் பாதிப் பரப்பு திறந்தே கிடக்கும்.

ஒரு 100 மி.லி. கூம்புக் குடுவைக்கான கணக்கைச் சொல்கிறேன். பிழிந்த கூழில் 75 சதவீதம் ஈரம் என்றால், 1 கிராம் உலர் பேப்பருக்கு 4 கிராம் கூழ். அதிலேயே 3 மி.லி. தண்ணீர் வந்துவிடுகிறது. 0.1 மோலார் சிட்ரேட் பஃபர் (பி.எச். 4.8) 10 மி.லி. சேருங்கள். ட்வீன் கரைசல் 0.2 மி.லி.; இது 20 மி.கி., அதாவது பேப்பர் எடையில் 2 சதவீதம். கிருமி வளராமல் இருக்க, மி.லி.க்கு 10 மி.கி. வலிமையுள்ள டெட்ராசைக்கிளின் 80 மைக்ரோலிட்டர், அதே வலிமையுள்ள சைக்ளோஹெக்சிமைடு 60 மைக்ரோலிட்டர். தண்ணீர் 6.5 மி.லி. நொதி கடைசியில். மொத்தத் திரவம் 20 மி.லி.

சைக்ளோஹெக்சிமைடு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பலர் இதற்குப் பதில் சோடியம் அசைடு போடுகிறார்கள். அமிலப் பஃபரில் அது ஹைட்ரசோயிக் அமிலமாக மாறி நச்சு ஆவி கிளப்பும். போதாததற்கு, பின்னால் குளுக்கோஸ் அளக்க நாம் பயன்படுத்தப்போகும் கிட்டில் உள்ள பெராக்சிடேஸையும் முடக்கும். வேண்டாம்.

சர்ஃபாக்டன்ட் முதலில், நொதி பிறகு. இந்த வரிசையை மாற்றக்கூடாது. ட்வீன் சேர்த்த குடுவையை 50 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்குங்கள். அப்போதே பி.எச். பாருங்கள், 4.8லிருந்து விலகியிருந்தால் திருத்துங்கள். அப்புறம்தான் நொதி. லிக்னின் மேல் நொதி ஒட்ட அதிக நேரம் ஆகாது. அது உட்கார்ந்த பிறகு ட்வீன் போட்டுப் பெரிய பயன் இல்லை.

நொதியின் வலிமையை எஃப்.பி.யூ. (ஃபில்டர் பேப்பர் யூனிட்) என்ற அலகில் சொல்வார்கள். 50 மி.கி. எடையுள்ள, 1 செ.மீ. அகலமும் 6 செ.மீ. நீளமும் கொண்ட வாட்மன் 1 வடிதாள் துண்டிலிருந்து 50 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் 2 மி.கி. குளுக்கோஸ் எடுப்பதை வைத்து வரும் கணக்கு அது. பாட்டிலில் போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். மி.லி.க்கு 60 எஃப்.பி.யூ. இருந்து, கிராம் பேப்பருக்கு 10 எஃப்.பி.யூ. வேண்டுமென்றால் 167 மைக்ரோலிட்டர். பழைய வகை டிரைக்கோடெர்மா நொதியில் பீட்டா குளுக்கோசிடேஸ் குறைவு. செல்லோபயோஸ் தேங்கி மற்ற நொதிகளைத் தடுக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து வரும் பீட்டா குளுக்கோசிடேஸைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருக்கும். இன்றைய கலவைகளில் பெரும்பாலும் அந்தத் தேவை இல்லை.

ட்வீன் அளவு 0, 5, 10, 20, 50, 100 மி.கி. என்று வைக்கலாம். இன்குபேட்டரில் இடமில்லையென்றால் முதலில் 0, 20, 50 மட்டும். ஒவ்வொன்றும் மூன்று குடுவை. கூடவே பேப்பரும் ட்வீனும் மட்டும் உள்ள குடுவை ஒன்று. நொதியும் ட்வீனும் மட்டும் உள்ளது ஒன்று. வணிக நொதித் திரவத்திலேயே கொஞ்சம் சர்க்கரை இருக்கும், அதைக் கழிக்காவிட்டால் எல்லா எண்ணும் தப்பு.

நிமிடத்துக்கு 120 முதல் 150 சுற்று போதும். நுரை கழுத்துவரை ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். நுரையடக்கும் எண்ணெய் விடாதீர்கள். பிறகு எது எதற்குக் காரணம் என்று பிரிக்கமுடியாது.

ஐந்தாம் படி: மாதிரி எடுத்து அளப்பது

0, 2, 6, 12, 24, 48, 72 மணி நேரத்தில் அரை மி.லி. எடுங்கள். பைப்பெட் முனையில் நார் அடைத்துக்கொள்ளும். முனையைக் கத்தரியால் அரை செ.மீ. வெட்டிவிட்டு, குடுவையைச் சுழற்றிக்கொண்டே உறிஞ்சினால் நாரும் நீரும் ஒரே விகிதத்தில் வரும். உடனே கொதிநீரில் பத்து நிமிடம், நொதி நின்றுவிடும். டிரைட்டான் போட்டிருந்தால் சூட்டில் பால் போலக் கலங்கும், ஆறினால் தெளியும், பயப்படவேண்டாம். ஆறிய பிறகு சென்ட்ரிஃப்யூஜ் செய்து தெளிந்ததை எடுங்கள்.

சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறை எல்லா ஆய்வகத்திலும் உண்டு. ஆனால் அது குளுக்கோஸ், செல்லோபயோஸ், சைலோஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்–பெராக்சிடேஸ் கிட் குளுக்கோஸை மட்டும் காட்டும், எளிதாகவும் கிடைக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் தொடங்குங்கள். தெரிந்த அளவு குளுக்கோஸை வைத்து அளவீட்டுக் கோடு போடும்போது அதே அளவு ட்வீனை அதிலும் சேர்க்க மறக்காதீர்கள்.

கணக்கு இப்படி. கழுவிய கூழில் 55 சதவீதம் செல்லுலோஸ் என்றால் குடுவையில் 0.55 கிராம். 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 15 கிராம் குளுக்கோஸ் வந்தால், 20 மி.லி.யில் 0.3 கிராம். 0.9ஆல் பெருக்கினால் 0.27. அதை 0.55ஆல் வகுத்தால் 49 சதவீதம் செல்லுலோஸ் சிதைந்திருக்கிறது.

திரவத்தில் எவ்வளவு நொதி மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் பலர் புரதத்தை அளக்கிறார்கள். பிராட்ஃபோர்ட் முறையைச் சர்ஃபாக்டன்ட் குழப்பும், பி.சி.ஏ. முறையைக் குளுக்கோஸ் குழப்பும். இரண்டுமே இங்கே இருக்கின்றன. புரதத்தை வீழ்படிவாக்கிப் பிரித்து அளக்கலாம். நான் நொதியின் செயல்திறனையே அளந்துவிடுவேன்.

எண்கள் என்ன சொல்கின்றன?

செய்தித்தாளில் ட்வீன் கூடக்கூடச் சர்க்கரை ஏறி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். லிக்னின் பரப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போடுவது நுரைக்கும் செலவுக்கும்தான். அந்தத் திருப்பம் உங்கள் பேப்பரின் லிக்னினைப் பொறுத்தது. அதனால்தான் யாரோ சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

ஏ4 தாளில் வித்தியாசம் சிறிதாக இருக்கும். அங்கேயும் நல்ல உயர்வு தெரிந்தால் காரணம் லிக்னினாக இருக்காது. வேகமாகக் குலுக்கும்போது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் நொதி விரிந்து கெட்டுப்போகும். அந்தப் பரப்பையும் ட்வீன் பிடித்துக்கொண்டு நொதியைக் காக்கும். சந்தேகமிருந்தால் ஒரு ஜோடி குடுவையை மிக மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். வித்தியாசம் காணாமல் போனால் காரணம் அதுதான்.

நான் மிகவும் மதிக்கும் சோதனை இன்னொன்று: கிராமுக்கு 5, 10, 20 எஃப்.பி.யூ. மூன்றிலும் ட்வீனோடும் ட்வீன் இல்லாமலும் செய்வது. 5 எஃப்.பி.யூ.வும் ட்வீனும் சேர்ந்து, ட்வீன் இல்லாத 10 எஃப்.பி.யூ.வை எட்டிவிட்டால் பாதி நொதி மிச்சம். சேர்த்த ட்வீனின் விலையையும் மிச்சமான நொதியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் இந்த ஒரு பக்கம் இருந்தால் அது உருப்படியான வேலை.

மேலே போக விரும்பினால்

பேப்பர் 5 சதவீதத்தில் கூழ் மாதிரி ஓடும். 10 சதவீதத்தைத் தாண்டினால் கேழ்வரகுக் களி மாதிரி இறுகி, குலுக்கினாலும் அசையாது. ஒரேயடியாகப் போடாமல், முதலில் போட்டது இளகிய பிறகு அடுத்த பங்கைச் சேருங்கள். ஒவ்வொரு பங்கோடும் அதற்குரிய ட்வீனையும் சேர்க்கவேண்டும்.

ட்வீன் இருந்தால் 48 மணி நேர முடிவில் திரவத்தில் அதிக நொதி மிஞ்சும். அதை மறுபடி பயன்படுத்த, வடித்த திரவத்தில் புதிய கூழைப் போட்டு, குளிர்ச்சியாக ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். நொதி புதிய நாரைப் பிடித்துக்கொள்ளும். வடிகட்டி, கூழைப் புதிய பஃபரில் போட்டால் அடுத்த சுற்று தொடங்கும். பீட்டா குளுக்கோசிடேஸ் நாரில் அவ்வளவாக ஒட்டாமல் சர்க்கரைத் திரவத்தோடு போய்விடும். அதை மட்டும் புதிதாகச் சேருங்கள்.

எத்தனால்வரை கொண்டுபோவதென்றால், 1 கிராம் குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.51 கிராம். ட்வீன் 80 ஈஸ்ட்டுக்குத் தொல்லை இல்லை. காற்றில்லாமல் ஈஸ்ட் வளர்க்கும்போது கொழுப்பமிலத்துக்காக ஆய்வகங்களில் அதைச் சேர்ப்பதே வழக்கம். ஆனால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் ட்வீனும் சேர்ந்து நுரையைக் கிளப்பும். குடுவையில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வாயு போகும் குழாயை ஒரு காலிக் குடுவைக்குள் விட்டு, அங்கிருந்து நீர்ப்பூட்டுக்குக் கொண்டுபோங்கள். பொங்கி வருவது அந்தக் காலிக் குடுவையில் விழும்.